பல்லில் கடித்த சாட்டை

"ஒரிஜினலக் குடுங்க" என்றாள் சல்கின்.

கெமெல் டீக்கிண்ணத்தை வாய்வரை கொண்டுபோனவர், குடிக்காமல் கீழே வைத்தார். காதில் சரியாக விழவில்லை என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டார். விழுந்துவிட்டது என்பது கழுத்து நரம்பில் தெரிந்தது.

தலாஸ் பள்ளத்தாக்கில் ஒருவனிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். மனைவி ஏன் ஓடிப்போனாள் என்று கேட்கலாம், மகன் ரஷ்யாவில் எந்த ஜெயிலில் இருக்கிறான் என்று கேட்கலாம். போட்டிப் படத்தின் ஒரிஜினலை மட்டும் கேட்கக்கூடாது. காரணம் குதிரை. கோக்போரு என்கிற ஆட்டத்தில் ஓடிய குதிரையை வாங்க வருகிறவன் களத்துக்கு வந்து தூசி தின்பதில்லை. வீட்டில் மெத்தை விரித்து, சாய்ந்து படுத்து, டிவியில் பார்த்துத்தான் விலை பேசுவான். டிவியில் வருவது சுருக்கிய படம். அதில் குதிரையின் நொண்டல் தெரியாது. வாயோரம் ஒழுகும் ரத்தம் தெரியாது. தலை வெட்டிய ஆட்டைப் பறிக்க இத்தனை குதிரைகள் முட்டிக்கொள்ளும்போது எவன் எவனை எங்கே குத்தினான் என்பதும் தெரியாது. எல்லாம் மண் நிறத்தில் கட்டம் கட்டமாகக் கரைந்துபோகும். வாங்குகிறவனும் நாளைக்கு விற்கப்போகிறவன்தான். அதனால் அவனும் வாயைத் திறக்கமாட்டான். கேமரா எடுத்த அசல் படம் கெமெலின் இரும்புப் பெட்டியில் பூட்டிக் கிடக்கும். ஊர் மொத்தமும் சேர்ந்து போட்ட பூட்டு அது.

கேட்காதே என்று காலையில் அம்மா சொன்னாள். நேற்று கம்பெனி முதலாளி சொன்னார். அதற்கு முந்தின நாள் அண்ணன் எர்மெக் சொன்னான், அவளுடைய தாடையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு.

"தங்கச்சி" என்றார் கெமெல், "வெளிய அவரைக்கொட்டை காயவெச்சிருக்காங்க, பாத்தியா? இந்த வருஷம் நல்ல விளைச்சல். வீட்டுக்கு ஒரு மூட்ட எடுத்துட்டுப் போறியா?"

"அவரைக்கொட்டையப் பத்திப் பேச வரல பைகே." பைகே என்றால் அண்ணன்.

"தெரியும். அதனாலதான் நான் பேசறேன்."

கெமெலின் கடை முன்பக்கம் டிவி விற்கிற இடம், பின்பக்கம் படம் வெட்டுகிற இடம். இரண்டுக்கும் நடுவில் சுவர் கிடையாது. ஒரு சுவர் முழுக்கப் புது டிவிகள் தொங்கின, எல்லாமே ஒரே கம்பியில். எதையாவது ஓட்டினால் எல்லாத் திரையிலும் அதுவே ஓடும். இப்போது ஒரு பாட்டுக்காரி எல்லாத் திரையிலும் சத்தமில்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

போன வாரம் இறுதிப் போட்டியில் ஷும்கார் செத்துப்போனான். எதிர் ஊர்க்காரன். குதிரையிலிருந்து விழும்போதே உயிர் போய்விட்டது, காதோரப் பொட்டில் ஓர் அடி. அன்றைக்குச் சாயங்காலமே டிவியில் மறு ஒளிபரப்பு. பள்ளத்தாக்கு மொத்தமும் பார்த்தது. ஜோல்தோஷ் சாட்டையை ஓங்குகிறான், சாட்டை இறங்குகிறது, ஷும்கார் சரிகிறான். அவ்வளவுதான். டிவியை அணைப்பதற்குள் ஷும்காரின் உறவுக்காரர்கள் ஜோல்தோஷின் கொட்டகைக்குத் தீ வைத்தார்கள். போலீஸ் அவனைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போய், உள்ளே வைத்து அடிக்க ஆரம்பித்தது.

ஜோல்தோஷ் இவர்கள் ஊர் ஆள். எர்மெக்கின் குதிரைக்குத் தீனி வைக்கிறவன், லாடம் பார்க்கிறவன், ஆள் குறைந்தால் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளப்படுகிறவன். ஆள் குறைந்த நாள் அது.

அந்தப் படத்தைச் சுருக்கியவள் சல்கின்.

கேபிள் கம்பெனியில் அவள்தான் இன்ஜினியர். அந்த ஊரில் அந்த வேலைக்குப் படித்தவள் அவள் ஒருத்தி. அவள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டியவளும் அவள் ஒருத்திதான். முதலாளிக்கு ஒரு சேனல் போகிற வழியில் ஐந்து சேனல் போக வேண்டும். துருக்கி சீரியல், ரஷ்யச் செய்தி, சமையல், குழந்தைகள் படம், மிச்சமிருந்த சந்தில் கோக்போரு. சுருக்குகிற பெட்டி ஒவ்வொரு படத்தையும் முழுசாகப் புதிதாய் எழுதாது. முந்தின படத்தில் இருந்ததையே இழுத்துப் போட்டு, மாறினதை மட்டும் எழுதும். உட்கார்ந்து செய்தி வாசிக்கிறவனுக்கு அது போதும், உதடு மட்டும்தானே அசைகிறது. குதிரையும் தூசியும் மனுஷனும் ஒன்றாகப் புரளும்போது எல்லாமே மாறும். எழுத இடம் இருக்காது. இடம் இல்லாதபோது பெட்டி பழையதையே ஒட்டும். ஒரு கணம் முன்னால் ஓங்கியிருந்த கை, இறங்கிப்போன பிறகும் திரையில் ஓங்கியபடியே நிற்கும்.

வீட்டில் இருக்கிற பெரிய டிவிகள் இதற்கும் மேலே. ஓட்டம் வழுவழுப்பாகத் தெரிய வேண்டுமாம். இரண்டு படத்துக்கு நடுவில், நடக்காத ஒன்றைத் தானே வரைந்து செருகும். ஓங்கியபடி நின்ற ஜோல்தோஷின் சாட்டையை ஷும்காரின் தலைவரைக்கும் இறக்கிவிட்டவை அந்த டிவிகள்தான். ஊரார் கண்ணால் பார்த்தோம் என்று சத்தியம் செய்தார்கள். பார்த்தார்கள்தான். நடக்காததைப் பார்த்தார்கள்.

விசாரணை அதிகாரி கம்பெனிக்கு வந்து அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இந்தப் படத்துல யாராவது கைவெச்சாங்களாம்மா?" அவள் இல்லை என்றாள். யாரும் கைவைக்கவில்லைதான். அவர் அந்தச் சுருக்கிய படத்தையே எடுத்துக்கொண்டு போனார். அன்று வீடு திரும்பும்போது ஸ்டேஷன் வாசலில் ஜோல்தோஷின் மனைவி புருல் நின்றிருந்தாள். உள்ளே கொடுத்த ரொட்டி திரும்பி வந்திருந்தது, கூடவே அவனுடைய சட்டையும். சட்டையின் முன்பக்கம் காய்ந்து தகரம் மாதிரி விறைத்திருந்தது. புருல் அதை மடிக்கப் பார்த்தாள். அது மடியவில்லை.

"கையைப் பூட்ஸால மிதிச்சிருக்காங்க அக்கா" என்றாள் புருல். "அவரால ரொட்டியப் பிய்க்க முடியலையாம். அதான் திருப்பி அனுப்பிட்டாரு."

அதன் பிறகும் தூங்கியிருந்தால் சல்கின் அந்த ஊர்க்காரியாகவே இருந்திருப்பாள்.

"பைகே, சாட்டைய ஓங்கினதும் அடி விழுந்ததும் ஒரே கை இல்ல. எனக்குத் தெரியும். அந்தக் கட்டம் பழசு, பெட்டி ஒட்டினது. நடுவுல என்ன நடந்ததுன்னு ஒரிஜினல்லதான் இருக்கு."

"இருக்கட்டுமே. இருந்துட்டுப் போகட்டும்." கெமெல் எழுந்து ஒரு டிவியின் மேலிருந்த தூசியைச் சட்டைக் கையால் துடைத்தார். "நான் இன்னிக்கு உனக்குக் குடுத்தா, நாளைக்கு குதிரை வாங்கினவன் வந்து கேப்பான். நாளன்னிக்கு ஆட்டத்துல கை ஒடிஞ்சவன் கேப்பான். அப்பறம் என் கேமராவ எந்தக் களத்துலயும் விடமாட்டானுங்க. என் காலையும் விடமாட்டானுங்க. இருக்கிறதே ஒண்ணரைக் காலு."

"அங்க ஒருத்தனோட கையே போச்சு."

"அவன் யாரு உனக்கு? மாமனா, மச்சானா?"

"நான் சுருக்கின படத்துல மாட்டினவன்."

"படிச்சவ மாதிரி பேசற."

"படிச்சவதான்."

"அதான் கல்யாணம் ஆகல" என்று சொல்லிவிட்டு கெமெல் சிரித்தார். தன் சிரிப்பு தனக்கே பிடித்துப்போய் இன்னொரு தடவை சிரித்தார்.

டிவி நிறுத்தி வைக்கிற இரும்புக் கால் ஒன்று தரையில் கிடந்தது. சல்கின் அதை எடுத்தாள். யோசித்து எடுக்கவில்லை. முதல் அடியிலேயே கதவுப் பக்கத்துப் பெரிய டிவியின் நடுவில் ஓட்டை விழுந்தது. பாட்டுக்காரியின் வாய் இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு பொத்தல், அதைச் சுற்றிப் பச்சையும் ஊதாவுமாகக் கோடுகள் ஓடின.

"ஏய்! ஏய்! பைத்தியக்காரி!"

அவள் இரண்டாவதன் முன்னால் போய் நின்றாள். இரும்பைக் கையில் திருப்பி, கனமான பக்கம் முன்னால் வருகிற மாதிரி பிடித்தாள்.

கெமெல் அந்தப் பிடியைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்து கோபம் வடிந்து, வேறு ஏதோ வந்து உட்கார்ந்தது. "உங்க வீட்டுக் கையே இப்பிடித்தான் போல" என்றார். "அவனும் இதே மாதிரிதான் திருப்பிப் பிடிச்சான்."

உடைந்த டிவிக்குள் ஏதோ 'டிக் டிக்' என்று அடித்துக்கொண்டிருந்தது.

"எவன்?" என்றாள் சல்கின்.

கெமெல் நாக்கைக் கடித்துக்கொண்டார். கடித்துப் பயனில்லை.

"எடுங்க பைகே."

"தங்கச்சி, வேணாம். கடவுள் சத்தியமா சொல்றேன், பாத்தா நீதான் சாவ."

"எடுங்கன்னேன்."

அவர் சாவியைத் தேடிக்கொண்டு பின்பக்கம் நொண்டிப் போனார். இரும்புப் பெட்டியைத் திறக்கிற நேரத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். யாரிடமோ போனில் தணிந்த குரலில் பேசினது அவள் காதில் விழுந்தது. யாரிடம் என்று அவள் கேட்கவில்லை. கட்டை விரல் நகத்தளவு மெமரி அட்டையைக் கொண்டுவந்து, டிவிகளுக்குப் படம் அனுப்புகிற பெட்டியில் அவரே செருகினார்.

பாட்டுக்காரி போனாள். சுவர் முழுக்கக் களம் வந்தது.

தூசி தூசியாகவே தெரிந்தது. ஒவ்வொரு மணலும் தனித்தனியாக வெயிலில் மின்னியது. அவள் இத்தனை வருஷம் பார்த்ததெல்லாம் வேறு ஏதோ விளையாட்டு என்று தோன்றியது. குதிரையின் மூக்குத் துவாரத்துக்குள் சிவப்பு தெரிந்தது. எவனுடைய முழங்காலோ இரண்டு குதிரைகளுக்கு நடுவில் நசுங்கி, தப்பான பக்கம் மடங்கியது. அவன் வாய் திறந்ததும், அதற்குள் உடைந்த பல்லும் தெரிந்தன. இதை ஊர் டிவியில் மண் நிறக் கட்டமாகப் பார்த்து டீ குடித்திருக்கிறது.

அவள் படத்தை நிறுத்தி, ஒவ்வொன்றாக நகர்த்தினாள்.

ஜோல்தோஷ் சாட்டையை ஓங்குகிறான். தன் குதிரையைத் தட்ட. சாட்டை இறங்குகிறது, குதிரையின் தொடையில். அடுத்ததில் சாட்டையைப் பல்லில் கடித்துக்கொள்கிறான். களத்தில் எல்லாரும் செய்வதுதான், ஆட்டைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டுமே. அடுத்ததில் குனிகிறான். அவனுடைய இரண்டு கையும் செத்த ஆட்டின் பின்னங்காலில். பல்லில் சாட்டை. ஈறில் ரத்தம். ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும், அவனிடம் அடிக்க ஒரு கைகூட மிச்சமில்லை என்று.

ஊர்ப் படத்தில் அப்போதும் அவன் கை மேலேயே இருந்தது.

அவள் இன்னும் ஒன்று நகர்த்தினாள். இடது ஓரத்திலிருந்து வேறொரு கை வந்தது. மணிக்கட்டில் சிவப்புத் துணி, கண்ணேறு படாமலிருக்க அம்மா கட்டிவிட்டது. கையில் சாட்டை தலைகீழாக, கட்டைப் பக்கம் முன்னால். ஷும்கார் தலையில் போட்டிருந்த பழைய பட்டாளத்து டாங்கித் தொப்பியின் காதுமடல் காற்றில் தூக்கியிருந்தது. கட்டை சரியாக அந்தப் பொட்டில் போய் இறங்கியது. அடுத்ததில் ஷும்காரின் ஒரு கண் மட்டும் வேறெங்கோ பார்த்தது. அடுத்ததில் எர்மெக்கின் முகம் முழுசாக வந்தது.

அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். உதடு உள்ளே இழுத்து, பல் மட்டும் தெரிய. தலைநகரம் பிஷ்கெக்குக்குப் படிக்கப் போக வேண்டும் என்று சொன்ன அன்றைக்கு அடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற முகம். முதலில் அடித்தான், பிறகு அழுதான், பிறகு தன் குதிரையை விற்று அனுப்பிவைத்தான். காதுக்குப் பின்னால் அந்தத் தழும்பும், பெட்டியில் அந்தப் பட்டமும் ஒரே ஆள் கொடுத்தவை.

"சொன்னேன்ல" என்றார் கெமெல்.

வெளியே குதிரை வந்து நின்ற சத்தம் கேட்டது.

எர்மெக் உள்ளே வந்தான். பேச வந்தவன் இரண்டடியில் நின்றுவிட்டான். சுவரில் உடையாமல் தொங்கிய அத்தனை டிவியிலிருந்தும் அவனுடைய முகமே அவனைப் பார்த்தது.

"அணை" என்றான்.

"நீ அடிச்சே."

"அணைடி."

"ஜோல்தோஷ் உன் குதிரைக்குத் தீனி போட்டவன். அதுக்கு லாடம் அடிச்சவன். அவன் விரலெல்லாம் உடைச்சிட்டாங்க."

"தூசில கண்ணே தெரியல. கை போயிருச்சு, அவ்வளவுதான். நானா கொல்லணும்னு போனேன்?" எர்மெக் ஓர் அடி முன்னால் வந்தான். குரல் தணிந்தது, கெஞ்சுகிற மாதிரி. "அவன் வந்துருவான். கொஞ்ச வருஷம். அவன் வீட்டுக்கு மாவு, கரி, எல்லாம் நான் அனுப்பறேன். புருலுக்கு ஒரு குறையும் வராது. நான் உள்ள போனா அம்மாவ யார் பாப்பா? நீயா?"

"நானே பாத்துக்கறேன். நீயே போய்ச் சொல்லிடு. நான் கூட வரேன். இப்பவே போலாம்."

"ஷும்காரோட அண்ணன் தம்பிங்க என்னை உயிரோட விடுவானுங்களா?"

"ஜோல்தோஷ விட்டானுங்களா? கொட்டகைல தீ வெச்சப்போ அவன் பிள்ளைங்க உள்ள இருந்துச்சுங்க."

"அவன் வேற, நான் வேற!" எர்மெக் கத்தினான். "என் குதிரைய வித்துப் படிச்ச படிப்புடி அது! அத வெச்சு என்னையே..."

முடிக்கவில்லை. சாட்டையைத் திருப்பிப் பிடித்து முதல் திரையில் இறக்கினான். அவனுடைய முகம் நடுவில் பிளந்தது. அடுத்ததில் இறக்கினான். கண்ணாடித் தூள் தெறித்து அவன் கன்னத்தைக் கிழித்தது. அவன் அதைத் துடைக்கக்கூட இல்லை. ஒரு முகத்தை உடைத்தால் பக்கத்தில் இன்னொன்று பார்த்தது. அதையும் உடைத்தான். கெமெல் மேசைக்கு அடியில் போய், "என் கடை, என் கடை" என்று அழுதார்.

சல்கின் பெட்டியை நோக்கிப் பாய்ந்தாள். எர்மெக் அவள் பின்னலைப் பிடித்து இழுத்தான். அவள் தலை மேசை ஓரத்தில் மோதியது. காதுக்குள் மணி அடித்தது. அவன் சாட்டையின் வார்ப்பக்கம் அவள் தோளில் இறங்கியது, இன்னொரு தடவை, இன்னொரு தடவை. சட்டை கிழிந்து தோல் திறந்தது. அவள் திரும்பி அவன் மணிக்கட்டைக் கடித்தாள், சிவப்புத் துணியோடு சேர்த்து. எலும்பு தட்டுகிறவரைக்கும் விடவில்லை. அவன் அலறிக் கையை உதறினான். அந்த ஒரு கணம் போதுமாயிருந்தது. அவள் இரண்டு கையும் பெட்டியின் மேல் இருந்தன. திரும்பி எழுந்தபோது கைகள் காலியாக இருந்தன.

எர்மெக் அவளைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்தான். அதைத் தூக்கித் தரையில் அடித்தான். பூட்ஸ் குதிகாலால் மிதித்தான். தகடு வளைந்தது, பிளந்தது, உள்ளே இருந்த பச்சை சர்க்யூட் பலகைகள் நொறுங்கின. மிச்சமிருந்த திரையெல்லாம் கறுத்தது. அவன் நிறுத்தவில்லை. குதிரை மேலிருந்து விழுந்தவனை மிதிக்கிற மாதிரி மிதித்தான். மூச்சு வாங்கி நிற்கிறவரைக்கும் மிதித்தான்.

"முடிஞ்சுது" என்றான். "இனிமே ஒண்ணும் இல்ல. இல்லதானே?"

சல்கின் மேசையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டாள்.

"வாயத் திறந்து சொல்லேன்டி. இனிமே பேசமாட்டேன்னு சொல்லு."

அவள் வாயைத் திறக்கவில்லை. தோளிலிருந்து ரத்தம் முழங்கை வழியாக இறங்கிச் சொட்டியது. அவள் அவனை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த மௌனத்தை எர்மெக் தனக்கு வேண்டிய மாதிரி எடுத்துக்கொண்டான். அவன் வீட்டில் பெண்கள் அடி வாங்கின பிறகு அப்படித்தான் நிற்பார்கள்.

அவனுக்குக் கண் கலங்கியது. எப்போதும் போல, அடித்த பிறகு. "வீட்டுக்குப் போ" என்றான். "அம்மா சோறு வெச்சிருப்பாங்க. தோளுக்கு மருந்து போடச் சொல்லு. நான் இங்க கெமெல்கிட்டப் பேசிட்டு வரேன்."

அவள் தலையாட்டினாள்.

கடைவாய்ப் பற்களுக்கு நடுவில் அட்டை இருந்தது. அதன் முனை கன்னத்தின் உட்புறத்தைக் குத்தியது. வாய் முழுக்க இரும்பு ருசி, அது அவளுடைய ரத்தமா அவனுடையதா என்று தெரியவில்லை. பற்களை இன்னும் இறுக்கினாள்.

இன்றைக்குச் சாயங்காலம் அந்த இறுதிப் போட்டி இன்னொரு தடவை டிவியில் வருகிறது. ஷும்காரின் ஊர், ஜோல்தோஷின் ஊர், ஸ்டேஷனில் இருக்கிறவர்கள், எல்லாரும் பார்ப்பார்கள். அந்த நேரத்துக்குத் துருக்கி சீரியல் வராது. செய்தி வராது. சமையல் வராது. நாலு சேனலையும் அணைத்துவிட்டு, முழு வழியையும் அவள் இந்த ஒன்றுக்குக் கொடுப்பாள். ஓட விடமாட்டாள். ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திக் காட்டுவாள். நிற்கிற படத்துக்கு நடுவில் எந்த டிவியும் எதையும் இட்டுக்கட்ட முடியாது. பல்லில் சாட்டை, ஆட்டில் இரண்டு கை. பிறகு சிவப்புத் துணி. பிறகு முகம். அதற்குப் பிறகு அந்த முகத்துக்கு என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். இப்போதே போய்ச் சொல்லிவிடு என்று அவனிடம் கேட்டாயிற்று. இரண்டாவது முறை கேட்க அவள் வாய் காலியாக இல்லை.

உள்ளே எர்மெக் மேசைக்கடியில் குனிந்து கெமெலைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான், மாட்டைக் கூப்பிடுகிற மாதிரி. சல்கின் உடைந்த கண்ணாடியின் மேல் நடந்து வாசலுக்கு வந்தாள். அண்ணனுடைய குதிரை அவள் வாசனையை அறிந்து மூக்கை நீட்டியது. அதைத் தள்ளிவிட்டு, காய்கிற அவரைக்கொட்டையைத் தாண்டி, வீட்டுக்குப் போகிற சாலைக்கு எதிர்ப்பக்கம் நடந்தாள்.